முதலாம் ஆண்டு உயிரியல்: பாடங்களைப் பதிவதற்கு முன்னரே ஆலோசகரிடம் போங்கள்

தங்கச்சி, உங்கள் கேள்வியைப் படித்தேன். வவுனியாவில் உயர்தரம் உயிரியல் பிரிவில் படித்துவிட்டுக் குடும்பத்தோடு ஸ்காபரோவுக்கு வந்திருக்கிறீர்கள். ஒரு வருடம் வளர்ந்தோர் பாடசாலையில் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதமும் ஆங்கிலமும் எடுத்து முடித்து, வரும் செப்டெம்பரில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் உயிரியல் படிக்கப் போகிறீர்கள். அப்பா ஒரு தவணைக்கு ஆறு பாடம் எடுத்துக் கெதியில் முடிக்கச் சொல்கிறார். மச்சாள் நுண்கணிதத்தை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளிவிடச் சொல்கிறார். கல்வி ஆலோசகரிடம் கேட்கலாம் என்றால், "இந்தப் பிள்ளைக்கு ஏதோ குறை" என்று பெயர் விழுந்துவிடுமோ என்று உங்களுக்குப் பயம்.

கடைசியில் எழுதிய பயத்துக்கே முதலில் பதில் சொல்கிறேன். அப்படி ஒரு பெயரும் விழாது. ஆலோசகர் அறை, அதிபர் கூப்பிட்டனுப்பும் அறை அல்ல. கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் அங்கே அதிகம் போகிறார்கள். ஆலோசகர்கள் மாணவர்களுக்காகவே அங்கே வேலை செய்கிறவர்கள். நீங்கள் அங்கே பேசுவது உங்கள் பெறுபேற்றுப் பத்திரத்தில் ஏறாது. உங்கள் சம்மதம் இல்லாமல் அதை அப்பா அம்மாவிடமும் சொல்ல மாட்டார்கள். எங்கள் ஊர்ச் சங்கத்தில் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளுக்குப் பாடத் தெரிவில் பல வருடங்களாக உதவி செய்து வருகிறேன். என் மகளும் இப்போது அதே வளாகத்தில் மூன்றாம் ஆண்டு. முதல் ஆண்டில் சறுக்கிய பிள்ளைகள் பெரும்பாலும் படிக்க முடியாதவர்கள் அல்ல, கேட்க வேண்டிய நேரத்தில் கேளாதவர்கள்.

ஊரில் நாங்கள் பழகிய முறை வேறு. உயர்தரம் எழுதுவோம், பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி வரும், பீடம் கிடைக்கும். அதன் பிறகு என்ன படிப்பது, எந்த நாளில் படிப்பது என்பதையெல்லாம் பெரும்பாலும் பீடமே தீர்மானித்து அறிவிப்புப் பலகையில் போட்டுவிடும். இங்கே அந்தப் பலகை வெறுமையாக இருக்கிறது, அதை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். பட்டம் பெற 20 கிரெடிட் வேண்டும். ஒரு தவணையில் முடியும் பாடம் ஒன்றுக்கு அரைக் கிரெடிட். ஆக மொத்தம் நாற்பது பாடங்கள். அவற்றில் சில கட்டாயம், சில ஒரு பட்டியலிலிருந்து தெரிவு செய்பவை, மிச்சம் உங்கள் விருப்பம். இவை போக, விஞ்ஞானத்துக்கு வெளியே இலக்கியம், வரலாறு, சமூகவியல் போன்ற பக்கங்களையும் தொட வேண்டும் என்று ஒரு விதி. இந்தக் கணக்கைத் தனியாகப் போடு என்று பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் விட்டுவிடுகிறார்கள். போட்டது சரியா என்று பார்க்கத்தான் ஆலோசகர் இருக்கிறார். ஆனால் அவர் உங்களைத் தேடி வர மாட்டார். நீங்கள்தான் நேரம் கேட்டுப் போக வேண்டும்.

பாடங்களைத் தெரிவு செய்யும்போது முதல் ஆண்டிலிருந்து தொடங்காதீர்கள். மூன்றாம் ஆண்டில் எங்கே நிற்க வேண்டும் என்று பார்த்துப் பின்னோக்கி வாருங்கள். என் மகள் முதல் ஆண்டில் ஆலோசகரைப் பார்க்கப் போனபோது, அந்த அம்மா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எட்டுப் பெட்டிகள் கீறினாராம், தவணைக்கு ஒன்றாக. ஐந்தாவது பெட்டியில் பென்சிலால் "உயிர் இரசாயனம்" என்று எழுதினார். அதிலிருந்து ஓர் அம்புக்குறியைப் பின்னால் இழுத்து, இரண்டாம் ஆண்டுப் பெட்டியில் "சேதன இரசாயனம்", "கல உயிரியல்" என்று எழுதினார். அங்கிருந்து இன்னோர் அம்புக்குறி முதலாம் ஆண்டுக்கு, இரண்டு உயிரியல் பாடங்கள், இரண்டு இரசாயனப் பாடங்கள். "இந்த நாலில் எதையாவது தவறவிட்டால் எது எது பின்னால் போகிறது, பார்" என்று கேட்டாராம். அந்தத் தாள் இன்னும் எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருக்கிறது. பல இடங்களில் அழித்து எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் அந்த நான்கு பெயர்களை மட்டும் யாரும் அழிக்கவில்லை.

உயிரியல் என்றதும் உயிரியல் பாடத்தில்தான் எல்லோருடைய கவனமும் போகிறது. அதற்கு முதுகெலும்பு இரசாயனம். சேதன இரசாயனத்துக்கும், அதன் வழியாக உயிர் இரசாயனத்துக்கும், முதலாம் ஆண்டின் இரண்டு இரசாயனப் பாடங்களும் வாசல். ஒன்றில் தவறினால் இரண்டாம் ஆண்டில் ஐந்தாறு கதவுகள் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். உயர்தரத்தில் இரசாயனம் படித்தவர் நீங்கள் என்பதால் முதல் சில வாரங்கள் இலகுவாகத் தோன்றும். அந்த இலகுவை நம்பி விரிவுரைக்குப் போகாமல் விடாதீர்கள். ஒக்டோபரில் வேகம் கூடும், அப்போது சொற்களும் ஆங்கிலத்தில் வந்து நிற்கும். கூர்ப்பு, கலமென்சவ்வு, உடற்றொழிலியல் என்று தமிழில் கரைத்துக் குடித்ததையெல்லாம் வேறு பெயரில் சந்திக்கப் போகிறீர்கள். விஷயம் உங்களுக்குத் தெரியும், பெயர்தான் புதிது. செப்டெம்பருக்கு முன்பு ஓர் ஆங்கில உயிரியல் பாடநூலை நூலகத்தில் எடுத்து, பின்பக்கச் சொல் அட்டவணையை உங்கள் பழைய கொப்பியோடு வைத்துப் பாருங்கள். மாதக்கணக்கில் நிம்மதி கிடைக்கும்.

மச்சாள் சொன்ன நுண்கணிதம் பற்றி. இலங்கையில் உயிரியல் பிரிவு எடுத்தவர்கள் சாதாரண தரத்தோடு கணிதத்தைக் கைவிட்டுவிடுகிறோம். இங்கே உயிரியல் மாணவருக்கும் வகையிடல், தொகையிடல் வந்து சேர்கிறது. நம் பிள்ளைகளுக்கு விழும் முதல் அடி பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அதனால் மச்சாள் பயப்படுவது எனக்கு விளங்குகிறது. ஆனால் உங்கள் நிலைமை வேறு. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தை இப்போதுதான் முடித்திருக்கிறீர்கள், கை சூடாக இருக்கிறது. ஒரு வருடம் ஆறவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். முதல் தவணையிலேயே எடுங்கள் என்பது என் எண்ணம். உயிரியல் விஞ்ஞான மாணவர்களுக்கென்றே ஒரு நுண்கணிதப் பாடம் அங்கே இருக்கிறது, கணிதத் துறை மாணவர்களுக்கானதில் தெரியாமல் பதிந்துவிடாதீர்கள். கணிதத்துக்கு உதவி செய்யும் மையம் வளாகத்திலேயே உண்டு. கடினமான பாடங்களுக்கு, முன்பு அதைப் படித்துத் தேறிய மூத்த மாணவர்கள் நடத்தும் கூட்டுப் படிப்பு வகுப்புகளும் உண்டு. இரண்டுக்கும் தனிக் காசு இல்லை.

இனி அப்பாவின் ஆறு பாடங்கள். அப்பாவின் அவசரம் பணக் கஷ்டத்திலிருந்து வருகிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு தவணைக்கு ஐந்து பாடம் என்பதே முழுச்சுமை. உயிரியலுக்கும் இரசாயனத்துக்கும் ஆய்வுகூட வகுப்பு தனியாக இருக்கும், அதன் அறிக்கைகள் தனியாக இருக்கும். புதிய நாட்டில், புதிய மொழியில், முதல் தவணைக்கு நான்கு பாடம் போதும். நான்கு எடுத்தாலும் முழுநேர மாணவர்தான். ஒன்ராறியோ அரசின் மாணவர் நிதி உதவியான ஓசாப் பெறுவதாக எழுதியிருந்தீர்கள். முழுநேர ஓசாப்புக்கு முழுச்சுமையில் குறைந்தது 60 வீதம் இருந்தால் சரி, அதாவது ஐந்துக்கு மூன்று. விடுபட்ட பாடத்தை மே முதல் ஓகஸ்ட் வரையுள்ள கோடைத் தவணையில் எடுக்கலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

அப்பாவுக்கு இந்தக் கணக்கையும் காட்டுங்கள். உயர்தரத்தில் 75 எடுத்தால் ஏ. இந்தப் பல்கலைக்கழகத்தில் 75 என்பது பி, ஜி.பி.ஏ. என்ற சராசரிப் புள்ளிக் கணக்கில் 3.0. எண்பது தாண்டினால் 3.7, எண்பத்தைந்து தாண்டினால் 4.0. ஆறு பாடங்களில் எழுபது எழுபதாக எடுப்பதை விட நான்கில் எண்பத்தைந்து எடுப்பது மேல். மருத்துவம்தான் அவருடைய கனவு என்றால் இது இன்னும் முக்கியம். ஒன்ராறியோவில் மருத்துவ பீடத்துக்குப் பொதுவாகப் பாடசாலையிலிருந்து நேரே போக முடியாது. பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் படித்த பிறகே விண்ணப்பம். அப்போது முதல் ஆண்டுப் புள்ளிகளும் அவர்கள் முன் வைக்கப்படும். கெதியில் முடித்தவர் என்பதற்காக யாரும் கூடுதல் மதிப்புத் தருவதில்லை.

இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. சில மருத்துவ பீடங்கள் முழுச்சுமையோடு படித்த ஆண்டுகளையே கணக்கில் எடுக்கின்றன. ஆகவே நான்கு பாடம் என்பது பழகிக்கொள்வதற்கான முதல் தவணைக்கு. அதற்குப் பிறகு எப்படி என்பதை ஆலோசகரோடு இருந்து வகுத்துக்கொள்ளுங்கள். பீடத்துக்குப் பீடம் கேட்பதும் வேறு. மக்மாஸ்ரர் பல்கலைக்கழகம் இன்ன பாடம் படித்திருக்க வேண்டும் என்று கேட்பதில்லை, வேறு சில இடங்கள் கேட்கும். எம்காட் என்ற மருத்துவ நுழைவுப் பரீட்சையில் 2015 முதல் உளவியலும் சமூகவியலும் சேர்ந்திருக்கின்றன. அதனால் முதல் ஆண்டில் நான்காவது பாடமாக அறிமுக உளவியல் எடுப்பது நல்ல தெரிவு. அது இரண்டு பாடங்களாக வரும், விஞ்ஞானத்துக்கு வெளியே போக வேண்டும் என்ற விதிக்கும் அவற்றில் இரண்டாவது உதவும். பௌதிகவியல் உங்களுக்கு உயர்தரத்தில் பழக்கமானது, அவசரம் இல்லை, பிறகு எடுக்கலாம்.

மருத்துவம் கிடைக்காவிட்டால் உயிரியல் வீண் என்று நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் வருந்தும். நான் மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன், உயிரியல் படித்த எத்தனையோ பேரின் கைகள் வழியாக ஒரு நோயாளியின் இரத்த மாதிரி போவதைத் தினமும் பார்க்கிறேன். அந்த வளாகத்தில் மனித உயிரியல் மட்டுமல்ல, மூலக்கூற்று உயிரியலும் நோயெதிர்ப்பும், உயிர்ப்பல்வகைமைப் பாதுகாப்பு என்று தனித்தனித் திட்டங்கள் உண்டு. வளாகத்துக்குப் பின்னால் ஹைலண்ட் கிறீக் பள்ளத்தாக்கு இருக்கிறது. ஒருமுறை இறங்கி நடந்துவிட்டு வாருங்கள். நான்கு கிரெடிட் முடிந்ததும் திட்டத்தைத் தெரிவு செய்ய வேண்டிவரும், அதுவரை மனதைத் திறந்து வையுங்கள். இன்னொன்று, தமிழ் இருக்கை அமைந்த வளாகம் அது. மேலாண்டுகளில் தமிழர் வரலாறு பற்றிப் படிக்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள்.

ஒரு பாடம் கையை மீறிப் போனால் என்ன செய்வது? இதை எங்கள் பிள்ளைகள் வீட்டில் சொல்வதே இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, கடையில் இரவு வேலையும் ஐந்து பாடமுமாக இருந்தான். முதல் பரீட்சையில் இரண்டு பாடங்களில் நாற்பதுக்குக் கீழ். வெட்கத்தில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நவம்பரில் பாடத்தை விடுவதற்கான கடைசி நாள் ஒன்று இருக்கிறது. அதற்கு முன் விட்டால் பெறுபேற்றுப் பத்திரத்தில் எந்தத் தடமும் இருக்காது. அந்த நாள் போன பிறகுதான் தாய்க்குத் தெரிந்தது. அவன் பிறகு எழும்பிவிட்டான், இன்று நல்ல வேலையில் இருக்கிறான், ஆனால் அந்தத் தவணையின் புள்ளிகளைத் தூக்கி நிறுத்த நெடுநாள் எடுத்தது. அந்தக் கடைசி நாளைக் கைபேசியில் இன்றே குறித்து வையுங்கள், இரண்டு கிழமைக்கு முன்பு மணி அடிக்கும்படி. மணி அடித்ததும் ஒவ்வொரு பாடத்திலும் எவ்வளவு புள்ளி கையில் இருக்கிறது என்று கூட்டிப் பாருங்கள். ஐயம் இருந்தால் அன்றே ஆலோசகரிடம் போங்கள். பாடத்தை விடுவதா, அல்லது புள்ளியை ஜி.பி.ஏ.யில் சேர்க்காமல் தேர்ச்சி மட்டும் பதியும் வழியை எடுப்பதா என்று அவர் சொல்வார். அந்த இரண்டாவது வழி 2 கிரெடிட் வரைக்கும்தான், உங்கள் திட்டத்துக்குக் கட்டாயமான பாடங்களுக்கும் உதவாது. ஓசாப் இருப்பதால் எந்தப் பாடத்தை விடுவதற்கு முன்பும் நிதி உதவி அலுவலகத்திலும் ஒரு சொல் கேளுங்கள்.

முதல் சந்திப்புக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். டிகிரி எக்ஸ்புளோரர் என்ற பல்கலைக்கழகத்தின் திட்டமிடும் தளத்தில் எட்டுத் தவணைக்கும் நீங்களே ஒரு வரைவு போட்டுப் பாருங்கள். பிழையாக இருந்தாலும் பரவாயில்லை, திருத்த அவருக்கு ஏதாவது வேண்டும். உயர்தரப் பெறுபேற்றுச் சான்றிதழின் பிரதியையும் கொண்டுபோய், அதற்கு ஏதாவது கிரெடிட் கிடைக்குமா, எங்கே கேட்பது என்று விசாரியுங்கள். வேலைக்குப் போகும் நாட்களையும் பஸ் எடுக்கும் நேரத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். என் மகளிடம் அந்த அம்மா கேட்ட முதல் கேள்வியே "எந்தெந்த நாளில் வேலை, எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேருகிறாய்?" என்பதுதான். கென்னடி ஸ்டேஷனில் 905 பஸ்ஸுக்கு ஜனவரிக் குளிரில் நிற்கிற பிள்ளைக்கு, காலை ஒன்பது மணி ஆய்வுகூட வகுப்பு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

பதிவு கோடையில் திறக்கும், உங்களுக்கான நாளும் நேரமும் பல்கலைக்கழகத்தின் பதிவுத் தளமான ஏகோர்னில் வரும். அந்த நேரத்தில் முதலில் ஆய்வுகூட வகுப்பு உள்ள பாடங்களைப் பதியுங்கள், ஆய்வுகூட இடங்கள் கெதியில் நிரம்பக்கூடும். மற்றப் பாடங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நல்ல நேரம் எல்லாம் நிரம்பியிருந்தால் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போட்டுவிடுங்கள், செப்டெம்பர் முதல் கிழமைகளில் பலர் மாறுவார்கள். ஆலோசகரிடம் நேரம் எடுப்பதை மட்டும் பதிவு நாள் வரைக்கும் தள்ளாதீர்கள், அந்த நாட்களில் வரிசை நீளம். இந்தக் கிழமையே கேளுங்கள்.