ஆமையின்ர ஓடு மேடு மேடா வருது

கேள்வி: டொக்டர், எங்கட நட்சத்திர ஆமைக்கு ஓட்டில ஒவ்வொரு தட்டும் கூம்பிக்கொண்டு வருது, கண்ணாடிப் பெட்டியிலதான் வச்சிருக்கிறம், பாணும் சோறும் குடுக்கிறம், செத்துப்போகுமோ எண்டு மகன் ராவில எழும்பி எழும்பிப் பாக்கிறான். (வாசகி, சுன்னாகம்)

பதில்: பதறாதேங்கோ தங்கச்சி. இந்த இனத்துக்கு இயல்பாவே ஓடு கொஞ்சம் மேடாத்தான் இருக்கும், ஆனா ஈரப்பதன் காணாம சாப்பாடும் பிழைச்சா கூடக் கூம்பும், வந்த மேடு திரும்பத் தட்டையாகாது, இனி வளர்ற பகுதியைத்தான் வடிவா வரப்பண்ணலாம். ஓட்டை விரலால மெதுவா அமத்திப் பாருங்கோ, வளர்ந்த ஆமைக்கு நெகிழ்ந்து குடுத்தா கல்சியக் குறைவா இருக்கும், கெட்ட மணமும் கசிவும் எண்டா ஓடு அழுகுது, ரெண்டுக்கும் அண்டைக்கே மிருக வைத்தியரிட்டக் காட்டவேணும். கண்ணாடிக்குள்ளால வாற வெயிலில அதுக்குத் தேவையான யூவிபி கதிர், அதாவது கல்சியம் உடம்பில சேர உதவுற புற ஊதாக் கதிர், வராது. பாணையும் சோத்தையும் நிப்பாட்டி அறுகம்புல்லு, செவ்வரத்தை இலை, அதோட கணவாய் ஓட்டைச் சுரண்டித் தூவிக் குடுங்கோ.

இன்னொண்டு, மனசு நோகும் எண்டு தெரிஞ்சும் சொல்லுறன், நட்சத்திர ஆமை இலங்கையில சட்டத்தால பாதுகாக்கப்பட்டது, வீட்டில வச்சிருக்கேலாது. பத்தைக்குள்ள கொண்டுபோய் விட்டிடாதேங்கோ, வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிச்சு ஒப்படையுங்கோ, மகனையும் கூட்டிக்கொண்டு போங்கோ.