வெளிச்சுவரில் ஒட்டும் செங்கல் டைல் கழன்று விழாமல் இருக்க எந்த அட்ஹெசிவ் நல்லது?

பெயிண்ட் அடித்த பழைய செங்கல் சுவர், கான்கிரீட் தூண்கள், இரண்டு தளம், மேற்குப் பக்கம் முழுக்க 20 மி.மீ. செங்கல் டைல் என்கிறீர்கள். பையில் 'சி2டிஇ எஸ்1' (C2TE S1: சரியாமல் நன்றாகப் பிடிக்கும், கொஞ்சம் வளைந்துகொடுக்கும் சிமெண்ட் பசைக்கான தரக்குறி) என்று போட்டிருந்தால் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி. பசையைவிடப் பின்னால் இருக்கும் சிமெண்ட் பூச்சுதான் என் கவலை. பசையோடு சேர்த்துச் சதுர அடிக்கு நாலு கிலோவுக்கு மேல் வரும். பத்துக்குப் பத்து அடியில் 400 கிலோவைத் தாங்கப்போவது அந்தப் பழைய பூச்சு.

அதனால் முதலில் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வரும் இடத்தையெல்லாம் செங்கல் தெரியும்வரை வெட்டி, 1:4 சிமெண்ட்-மணல் கலவையில் திரும்பப் பூச வேண்டும். தூணும் சுவரும் சேரும் இடத்தில் மெஷ் கட்டாயம். ஏழு நாள் தண்ணீர் விட்டு, 28 நாள் ஆனபின் ஒட்டலாம். பெயிண்ட், பட்டி இரண்டையும் முழுக்கச் சுரண்டி எடுங்கள். பெயிண்டைக் கொத்திவிட்டு அதன்மேலேயே ஒட்டினால் பசை பெயிண்டைத்தான் பிடிக்கும், சுவரை அல்ல.

ஒட்டும்போது கொத்தனார்கள் டைலின் நடுவில் ஒரு உருண்டை கலவை வைத்து அழுத்துவார்கள். விடாதீர்கள். சுற்றிலும் உள்ள வெற்றிடத்தில் மழைநீர் தங்கும், உப்பு பூக்கும். சுவரில் 10 மி.மீ. பல் வெட்டிய கரண்டியால் ஒரே திசையில் இழுத்து, டைல் முதுகிலும் மெல்லியதாகப் பூச வேண்டும். அவ்வப்போது ஒரு டைலைப் பிடுங்கிப் பாருங்கள்: முதுகில் 95 சதவீதம் பசை இருக்க வேண்டும். டைல் முதுகில் இருக்கும் செங்கல் தூளைக் கழுவிக் காயவைத்த பிறகே ஒட்டவும். மேற்குச் சுவரைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். வெயிலில் பசைமேல் ஆடை கட்டிவிட்டால் பிடிக்காது.

நம் ஊரில் யாருமே கண்டுகொள்ளாதது அசைவு இடைவெளி, அதாவது டைல் விரிய விடும் இடம். மாடி ஸ்லாப் மட்டத்தில் கிடையாக ஒன்று, செங்குத்தாக 10 அடிக்கு ஒன்று, உள்மூலைகளில் ஒன்று, ஜன்னல் சட்டத்தைச் சுற்றி ஒன்று. 12 மி.மீ. அகலம் போதும். அதில் சிமெண்ட் போகக் கூடாது. ஃபோம் கயிறு திணித்து, மேலே 6 மி.மீ. ஆழத்துக்குப் பாலியூரித்தேன் சீலண்ட். இது இல்லாத சுவரில் வெயிலில் விரியும் டைல் வரிசை ஸ்லாப் மட்டத்தில் ஒன்றையொன்று நெருக்கிப் பிதுங்கும். வட்டமாகப் பெயர்ந்து விழுவது அப்படித்தான்.

டைல் தண்ணீரைத் தடுக்காது. கைப்பிடிச் சுவரின் மேல் கல் மாடிப் பக்கம் சரிந்து, வெளியே ஓர் அங்குலம் நீண்டு, தண்ணீர் சுவரில் வழியாமல் சொட்டிவிட அடியில் சொட்டுக்கோடு வெட்டியிருக்க வேண்டும். கீழே மண்ணிலிருந்து 100 மி.மீ., தளம் போட்ட இடத்தில் 50 மி.மீ. விட்டுத்தான் முதல் வரிசை.

டைல்களின் இடுக்கில் அடைக்கும் பாயிண்டிங்கை உள்ளே தள்ளிப் பள்ளமாக விடாமல், கம்பியால் அழுத்தித் தேயுங்கள். பளபளக்கும் வார்னிஷ் வேண்டாம்: உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் டைல் முகம் செதில் செதிலாக உரியும். சிலேன்-சிலாக்ஸேன் என்ற நீர்விலக்கி அடித்தால் நிறம் மாறாது, சுவரும் மூச்சுவிடும்.