லேப்டாப் இருக்கும் இடம் தெரிகிறது, நேரில் போய் வாங்கலாமா?

கேள்வி: நாகர்கோவிலில் இருந்து மார்த்தாண்டம் வரும் பேருந்தில் மகளின் லேப்டாப் திருடு போனது. மைக்ரோசாப்ட் கணக்கில் பார்த்தால் பாறசாலைப் பக்கம் காட்டுகிறது. காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து, "அது கேரளா, அங்கே போய்ப் புகார் கொடுங்க" என்கிறார்கள். தம்பி நாலு பேரோடு போய் வாங்கிவருவதாகச் சொல்கிறான். போகலாமா?

பதில்: தம்பியை அனுப்பவே அனுப்பாதீர்கள். பெரும்பாலான லேப்டாப்களில் ஜி.பி.எஸ். கிடையாது. சுற்றியுள்ள வைஃபை இணைப்புகளை வைத்துத்தான் இடம் கணிக்கப்படுகிறது. வரைபடத்தில் தெரியும் வட்டத்துக்குள் பத்து வீடுகள்கூட இருக்கலாம். வேறு ஒருவர் வீட்டில் நாலு பேராக நுழைந்தால், பொருளைப் பறிகொடுத்த நீங்களே அத்துமீறல் வழக்கில் மாட்டிக்கொள்வீர்கள். குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆவது பிரிவில் அதற்கு ஓராண்டு வரை சிறை உண்டு.

கேரளாவுக்குப் போகச் சொன்னது சரியல்ல. திருட்டு நடந்தது நம் மாவட்டத்தில் ஓடிய பேருந்தில். அப்படி இல்லாவிட்டாலும், குற்றம் எங்கே நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிய வேண்டும் என்கிறது குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 173-ஆவது பிரிவு. எல்லைக்கு அப்பால் தேட வேண்டுமானால் அந்த ஊர் போலீஸைக் கேட்பது இவர்கள் வேலை. பயணிகள் வாகனத்தில் நடந்த திருட்டுக்கு பாரதிய நியாய சன்ஹிதா 305-ஆவது பிரிவில் 7 ஆண்டு வரை தண்டனை இருக்கிறது. இது சில்லறைப் புகார் இல்லை.

சி.எஸ்.ஆர். என்பது புகார் வாங்கியதற்கான அத்தாட்சிதான், எப்.ஐ.ஆர். ஆகாது. திரும்பப் போய், "காணவில்லை" என்று எழுதாமல் "திருட்டு" என்றே எழுதிக் கொடுங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். காணாமல் போன பொருள் என்று எழுதிவிட்டால் விசாரணைக்கே வழியில்லாமல் போகும். பில், பெட்டியில் உள்ள சீரியல் நம்பர், தேதியும் நேரமும் தெரியும் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் இணையுங்கள். செல்போனை ஐ.எம்.இ.ஐ. எண்ணை வைத்து முடக்குவதுபோல் லேப்டாப்பை முடக்க முடியாது. சீரியல் நம்பர்தான் அடையாளம். எப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் நாகர்கோவிலில் உள்ள எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் மனு போடலாம்.

இதெல்லாம் இன்றே நடக்க வேண்டும். திருடியவர் விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிட்டால் இடம் காட்டுவது நின்றுவிடும். மகளின் பாஸ்வேர்டுகளை உடனே மாற்றுங்கள், லேப்டாப்பைத் தூரத்திலிருந்தே லாக் செய்யுங்கள். ஆனால் கணக்கிலிருந்து அதை நீக்கிவிடாதீர்கள், தடம் அத்தோடு போய்விடும்.

அங்கே வைத்திருப்பவர் விலை கொடுத்து வாங்கியவராகவும் இருக்கலாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கியிருந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66பி பிரிவில் அவருக்கும் 3 ஆண்டு வரை சிறை உண்டு. தெரியாமல் வாங்கியிருந்தாலும் பொருள் உங்கள் மகளுடையதுதான். போலீஸ் கைப்பற்றியதும், வழக்கு முடியும்வரை காத்திருக்காமல், அதை இடைக்காலப் பொறுப்பில் தரக் கேட்டு நீதிமன்றத்தில் மனு செய்யுங்கள். அப்போதும் அந்த பில் தேவைப்படும்.