வாசகர் கேள்வி – பதில்: கோர்லிட்ஸ் முதல் ஃபாக்கா வரை நடந்து செல்வோருக்கு

கிழக்கு ஜெர்மனியில், போலந்து எல்லையை ஒட்டிய கோர்லிட்ஸ் நகரில் தொடங்கி மேற்கே ஃபாக்கா என்னும் சிறு நகர் வரை சுமார் 470 கிலோமீட்டர் நீளும் கிறிஸ்தவ ஒன்றிப்புத் (பிரிந்த சபைகளை நெருங்கச் செய்யும் முயற்சி) திருப்பயணப் பாதை 2003இல் திறக்கப்பட்டது. இடைக்காலத்தில் வணிகர்களும் யாத்திரிகர்களும் சென்ற ‘வியா ரெஜியா’ என்னும் பெருவழியை ஒட்டி, கத்தோலிக்க ஆலயங்களையும் லுத்தரன் ஆலயங்களையும் துறவற மடங்களையும் இது இணைக்கிறது. இதைப் பற்றி வாசகர்கள் எழுதிக் கேட்டவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் மகள் லைப்சிக் நகரில் வேலை செய்கிறாள். ஜூன் மாதம் அவளைப் பார்க்கச் செல்லும்போது நானும் என் மனைவியும் ஒரு வாரம் மட்டும் இப்பாதையில் நடக்க விரும்புகிறோம். நாங்கள் லுத்தரன் சபையினர். இருவருக்கும் வயது அறுபதைத் தாண்டிவிட்டது. எந்தப் பகுதியைத் தேர்ந்தெடுக்கலாம்?

ஐயா, ஒரு வாரம்தான் என்றால் தயங்காமல் கிழக்கு முனையில் தொடங்குங்கள். லைப்சிக்கிலிருந்து டிரெஸ்டன் வழியாக ரயிலில் கோர்லிட்ஸை அடைந்து, அங்கிருந்து காமென்ஸ் வரை நடந்தால், நாளொன்றுக்கு 15 முதல் 20 கிலோமீட்டர் என்ற நிதானமான கணக்கில் ஐந்தாறு நாள்களில் முடித்துவிடலாம். பாதையின் மற்றப் பகுதிகளிலும் அழகான ஆலயங்கள் உண்டு. ஆனால் பிரிந்துபோன இரு சபைகள் ஒரே மண்ணில் எப்படிக் காலந்தள்ளின என்பதை இந்தப் பகுதி காட்டுமளவுக்கு வேறெதுவும் காட்டுவதில்லை என்பது எம் கருத்து.

கோர்லிட்ஸில் எருசலேம் திருக்கல்லறையின் மாதிரி ஒன்று 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நிற்கிறது. 1465இல் எருசலேம் சென்று திரும்பிய கேயார்க் எமரிஷ் என்னும் செல்வந்தரின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் இந்த வளாகத்தைப் பார்க்க அரை நாள் ஒதுக்குவது நல்லது. எருசலேமில் உள்ள கல்லறைக் கட்டடம் பிற்காலத்தில் மாற்றிக் கட்டப்பட்டுவிட்டதால், அதன் பழைய வடிவத்தை அறிய விரும்புவோர் இந்த மாதிரியைத்தான் தேடி வருகிறார்கள்.

அங்கிருந்து மூன்று நாள் நடையில் பவுட்சன் வரும். அந்நகரின் புனித பேதுரு பேராலயத்தை 1524ஆம் ஆண்டு முதல் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையினரும் பகிர்ந்துகொண்டு வருகிறார்கள். ஜெர்மனியில் இவ்வகைப் பொது ஆலயங்களுள் இதுவே மிகப் பழமையானது. பீடமிருக்கும் கிழக்குப் பகுதி கத்தோலிக்கருக்கும், மக்கள் அமரும் நடுக்கூடம் லுத்தரன் சபைக்கும் உரியவை. இரு தரப்புக்கும் தனித்தனி பீடமும் தனித்தனி ஆர்கனும் உண்டு. வழிபாட்டு நேரங்களும் உடன்பாட்டின்படி வகுக்கப்பட்டவை. இடையில் ஒரு தடுப்பு இருக்கிறது. முற்காலத்தில் மிக உயரமாக இருந்த அது இப்போது மறுபக்கத்தைத் தடையின்றிப் பார்க்கும் அளவுக்குத் தாழ்ந்திருக்கிறது, ஆனால் அகற்றப்படவில்லை. ஒன்றிப்பு என்றால் வேறுபாடுகளெல்லாம் கரைந்துபோன நிலை என்று எண்ணிக்கொண்டு வருவோர் அந்தத் தடுப்பின் முன் சற்று நேரம் நிற்க வேண்டும். இந்தப் பாதையின் இயல்பும் அதுவே: வேறுபாட்டை மறைக்காமல், அதே சமயம் வாசலையும் சாத்தாமல் இருப்பது.

பவுட்சனிலிருந்து மேற்கே செல்லும்போது, வழியோரச் சிலுவைகளும் ஜெர்மன், சோர்பியம் ஆகிய இரு மொழிகளில் எழுதிய ஊர்ப்பலகைகளும் தென்படும். சோர்பியர் என்போர் ஸ்லாவிய மொழி பேசும் சிறுபான்மையினர். இப்பகுதியில் வாழ்வோர் பெரும்பாலும் கத்தோலிக்கர். இங்கே பான்ஷ்விட்ஸ்-குக்காவ் என்னும் ஊரில் மரியன்ஸ்டெர்ன் மடம் உள்ளது. 1248இல் நிறுவப்பட்ட இந்த சிஸ்டர்சியன் (கத்தோலிக்கத் துறவற சபை ஒன்று) கன்னியர் மடம் இன்றுவரை இடையறாமல் இயங்கி வருகிறது. 16ஆம் நூற்றாண்டில், சுற்றியுள்ள சாக்சனி நாடு முழுதும் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த மார்ட்டின் லுத்தரைப் பின்பற்றியபோது இது மட்டும் எப்படித் தப்பியது என்று நீங்கள் கேட்கலாம். இந்த மேல் லௌசிட்ஸ் நிலப்பகுதி அக்காலத்தில் பொஹீமிய அரசுக்கு உரியது. 1635இல் சாக்சனியின் கைக்கு மாறியபோது, இங்குள்ள கத்தோலிக்க நிறுவனங்களுக்குத் தீங்கு நேராது என்ற உறுதியுடனேயே அது கைமாறியது. அந்த உடன்படிக்கையால் பிழைத்த மடத்தில் இன்று எல்லாச் சபை யாத்திரிகர்களும் தங்குகிறார்கள்.

நீங்கள் லுத்தரன் சபையினர் என்பதால் ஒரு கூடுதல் செய்தி. காமென்ஸுக்குத் தென்மேற்கே 10 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் உள்ள புல்ஸ்னிட்ஸ் ஊரில்தான் 1682இல் சீகன்பால்கு பிறந்தார். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து அச்சிட்ட அதே சீகன்பால்கு, இளமையில் கோர்லிட்ஸ் பள்ளியில் பயின்றவர். பாதை புல்ஸ்னிட்ஸ் வழியே செல்வதில்லை. எனினும் ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொண்டு போய்வர வேண்டும் என்று வற்புறுத்தியே சொல்வோம்.

கேள்வி: ஒரே ஆலயத்தை இரு சபையினரும் பகிர்ந்துகொள்கிறார்கள் என்றால், கத்தோலிக்கத் திருப்பலியில் மற்றச் சபையினர் நற்கருணை பெறலாமா?

பொதுவாக இயலாது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் மிகச் சில விதிவிலக்கான சூழல்களில் மட்டுமே பிற சபையினருக்கு நற்கருணை வழங்க இடமளிக்கிறது. நடைபயணம் அவற்றுள் ஒன்றன்று. லுத்தரன் சபை உள்ளிட்ட ஜெர்மனியின் சீர்திருத்தச் சபைகளோ, தங்கள் திருவிருந்துக்குப் பிற சபைகளில் திருமுழுக்குப் பெற்றோரையும் அழைக்கின்றன. திருப்பலிக்குச் செல்லும் பிற சபையினர், விரும்பினால், கைகளை மார்பின்மேல் குறுக்காக வைத்துக்கொண்டு முன்சென்று ஆசி மட்டும் பெற்றுத் திரும்பும் வழக்கம் உண்டு. வழியில் பழகிய நட்பைக் காட்டி விதியைத் தளர்த்துமாறு குருவானவரை நெருக்குவது முறையன்று. விருந்தினராகச் சென்ற இடத்தில் அந்த வீட்டின் ஒழுங்குக்குக் கட்டுப்படுவதே பண்பு.

கேள்வி: நான் இந்து. கிறிஸ்தவ நண்பர் ஒருவர் கூப்பிடுகிறார். என்னைத் தங்க அனுமதிப்பார்களா?

தாராளமாக. முன்னாள் கிழக்கு ஜெர்மனியின் மக்களில் பெரும்பான்மையோர் எந்தத் திருச்சபையையும் சேராதவர்கள். பாதையில் நடப்போரிலும், அவர்களுக்கு வீட்டுக் கதவைத் திறந்துவிடுவோரிலும்கூட அத்தகையோர் உண்டு. நீங்கள் யாத்திரிகர் என்று காட்டும் திருப்பயண அட்டை ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் போதும். சமயம் பற்றிய கேள்வி எழாது.

கேள்வி: தங்குமிடமும் உணவும் எப்படி? எவ்வளவு சுமை எடுத்துச் செல்ல வேண்டும்?

ஸ்பெயினின் புகழ்பெற்ற யாக்கோபு வழியில் காண்பதுபோல் வரிசையாகப் பெரிய விடுதிகள் இங்கே இல்லை. சபை மண்டபம், பழைய போதகர் இல்லம், ஆலயத்தின் பக்க அறை, சில இடங்களில் தனியார் வீடு என எளிய இடங்களில்தான் படுக்கை கிடைக்கும்; பல இடங்களில் அது தரையில் விரித்த மெத்தையே. ஆகவே உறக்கப்பை கட்டாயம். வரப்போவதை முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் சாவியை வைத்திருப்பவர் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் சபை உறுப்பினராக இருக்கக்கூடும். அவருக்கும் வேலையும் குடும்பமும் உண்டு. முன்னறிவிப்பின்றி இரவு எட்டு மணிக்குக் கதவைத் தட்டுவோர் அடுத்து வருவோருக்கும் கெட்ட பெயர் தேடித் தருகிறார்கள்.

சிற்றூர்கள் பலவற்றில் கடையே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நகரங்களிலும் கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலைக்குள் இரண்டு நாள் உணவை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டும் அடையாளம், நீலப் பின்னணியில் மஞ்சள் சிப்பி. பெருநகரங்களில் அதைத் தேடித் திண்டாடுவதைவிட, லைப்சிக்கின் புறநகரை டிராமில் கடந்துவிடலாம். அதில் பாவம் ஏதுமில்லை.

கேள்வி: லுத்தரின் இடங்களைப் பார்க்க வேண்டுமானால் மேற்குப் பகுதிக்குத்தானே செல்ல வேண்டும்?

ஆம். எர்ஃபுர்ட்டும் ஐசனாக்கும் அப்பகுதியில் உள்ளவை. எர்ஃபுர்ட்டில் லுத்தர் 1505இல் அகுஸ்தீனியர் மடத்தில் சேர்ந்தார். 1507இல் அந்நகரின் பேராலயத்தில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அவர் துறவியாக வாழ்ந்த மடம் இன்று சீர்திருத்தச் சபையின் இல்லமாகவும், குருப்பட்டம் பெற்ற பேராலயம் கத்தோலிக்கருடையதாகவும் இருக்கின்றன. 2011 செப்டம்பரில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் இதே மடத்துக்கு வந்து ஜெர்மனியின் சீர்திருத்தச் சபைத் தலைவர்களைச் சந்தித்தார். ஐசனாக்கில், லுத்தர் மறைந்திருந்து புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் பெயர்த்த வார்ட்பர்க் கோட்டை உள்ளது. மலை ஏற்றம் சற்றுக் கடினம். முதுகுப் பையைக் கீழே விட்டுவிட்டு ஏறுங்கள்.

கேள்வி: காணிக்கைப் பெட்டியில் எவ்வளவு போடுவது? ஒன்றும் போடாவிட்டால் யாராவது கேட்பார்களா?

சில இடங்களில் சிறு தொகையை அவர்களே குறித்து வைத்திருப்பார்கள். மற்ற இடங்களில் பெட்டி மட்டுமே இருக்கும், யாரும் கேட்கமாட்டார்கள். யாரும் கேட்கமாட்டார்கள் என்பதாலேயே, மின்சாரம், தண்ணீர், துப்புரவு ஆகியவற்றின் செலவை மனத்தில் வைத்து, தொகை குறிக்கப்பட்ட இடத்தில் கொடுத்ததற்குக் குறையாமல் இங்கும் போடுங்கள். சிற்றூர்களில் அட்டை வழிப் பணம் செலுத்த வசதி இராது. சில்லறை நோட்டுகளைக் கையில் வைத்திருங்கள்.