படபடப்பு இருக்கட்டும், அந்தக் கடைசி வரி?

நீங்கள் எனக்கு எழுதிய மூன்று பக்கக் கடிதத்தில் இரண்டரைப் பக்கம் நெஞ்சுப் படபடப்பைப் பற்றித்தான். அதை முதலில் முடித்துவிடலாம். 43 வயது. இ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் மூன்றும் நார்மல். தைராய்டு சரி, மூன்று முறை பார்த்த ரத்த அழுத்தமும் சரி. இணையத்தில் தேடித் தேடி 'பியோக்ரோமோசைட்டோமா' வரைக்கும் போயிருக்கிறீர்கள். பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறீர்கள், பாராட்டு. அட்ரினல் சுரப்பியில் அபூர்வமாக வரும் கட்டி அது. நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டுகளில் அதைச் சந்தேகிக்க எதுவும் இல்லை. ஏப்பம், கழுத்துப் பிடிப்பு, விரல் மரத்துப்போவது எல்லாம் படபடப்போடு கூட வருபவைதான். இன்னொரு ஸ்கேனுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

படபடப்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆனால் வேறு பத்தியில். வங்கியில் பதவி உயர்வு, கூடவே வடமாநிலத்துக்கு மாற்றல். வீட்டில் பக்கவாதத்தில் படுத்திருக்கும் அப்பா. "ராத்திரி போகலாம் என்று முடிவெடுக்கிறேன், காலையில் மாறிவிடுகிறது. நான் இவ்வளவு கோழையா?"

கோழைத்தனம் இல்லை சார். ஒரே விஷயம் வேண்டும் என்றும் இருக்கிறது, வேண்டாம் என்றும் இருக்கிறது. இந்த வகை மனப் போராட்டத்தை உளவியலாளர் கர்ட் லெவின் 1930களிலேயே பிரித்துக் காட்டினார். பிறகு நீல் மில்லர் என்ற இன்னொரு உளவியலாளர் எலிகளை வைத்துச் சோதித்தார். பசித்த எலிக்கு உணவு கிடைக்கும் அதே இடத்தில் மின் அதிர்ச்சியும் கிடைக்கும். எலி ஓடும், பாதி வழியில் நிற்கும், திரும்பும், மறுபடி ஓடும். கிட்டே போகப் போக ஆசை ஏறுவதைவிட அச்சம் வேகமாக ஏறும் என்பது அவர் போட்ட கணக்கு. பட்டியலில் பெயர் வந்த அன்று கிளை முழுக்க ஸ்வீட் கொடுத்த உங்களுக்கு, சேர இன்னும் பத்தே நாள் என்னும்போது பரண்மேல் இருக்கும் சூட்கேஸைப் பார்த்தாலே வியர்க்கிறது என்றால் காரணம் இதுதான். பாம்பை மிதித்தாலும் சரி, மாற்றல் உத்தரவு வந்தாலும் சரி, உடம்பு சுரப்பது நெஞ்சைப் படபடக்க வைக்கும் அதே அட்ரினலின்.

இவ்வளவுதான் என்றால் பதிலை இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் கையெழுத்துக்கு மேலே, பொடி எழுத்தில் ஒரு வரி: "மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது, சில நாள் எழாமலே போனால் தேவலை என்று தோன்றுகிறது, தவறாக நினைக்க வேண்டாம்."

தவறாக நினைக்கவில்லை. ஆனால் மொத்தக் கடிதத்திலும் நான் கோடு போட்டது இந்த வரிக்குத்தான். வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்பே முழிப்பு, ஆறு வாரமாக எதிலும் ஒட்டாத மனசு, முயற்சி செய்யாமலே ஐந்து கிலோ இறக்கம், அதோடு இந்த எண்ணம். இதை டென்ஷன் என்று தள்ளிவிட முடியாது. மனச்சோர்வு நோயாகத்தான் தெரிகிறது; நேரில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். சிகிச்சை உண்டு, பெரும்பாலும் நன்றாகவே குணமாகும். மாத்திரை வேலை செய்ய இரண்டு, மூன்று வாரமாவது ஆகும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்குள் அந்த எண்ணம் வலுத்தால், 'எப்படி' என்று யோசனை ஓட ஆரம்பித்தால், அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்க வேண்டாம். அந்த நேரமே ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூன்று மணிக்கு முழிப்பு வந்து, பேச ஆள் இல்லை என்றால் 14416 அல்லது 104 உதவி எண்ணை அழையுங்கள். இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

அப்புறம் அந்த அல்பிரசோலம், பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரை. மெடிக்கல் ஷாப் தம்பி "தூக்கம் வரும்ணே" என்று கொடுத்தாராம்; கால் மில்லிகிராமில் ஆரம்பித்து இரண்டு மாதத்தில் ஒரு மில்லிகிராமுக்கு வந்திருக்கிறீர்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் இதை விற்கவே கூடாது. அது மனச்சோர்வுக்கான மருந்தும் இல்லை. அதற்காக, இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்தித் தொலைக்காதீர்கள். பழகிய உடம்பில் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். படிப்படியாகக் குறைப்பதை அந்த மனநல மருத்துவர் பார்த்துக்கொள்வார். அதுவரை பீரோவில் ஒளித்து வைத்திருக்கும் அட்டைகளை மனைவியிடம் கொடுத்துவிடுங்கள், ஒரு இரவுக்கு உரியதை மட்டும் அவர் எடுத்துக் கொடுக்கட்டும். ஏன் என்று கேட்பார். அந்தக் கடைசி வரியை அவரிடமும் சொல்லுங்கள்.

போவதா, இருப்பதா என்று என்னைக் கேட்டிருக்கிறீர்கள். நான் சொல்ல மாட்டேன், நீங்களும் இந்த மாதம் முடிவெடுக்க வேண்டாம். சேரும் தேதியைத் தள்ளிக் கேட்டு அலுவலகத்துக்கு எழுதுங்கள். தேவையான சான்றிதழை மனநல மருத்துவரிடமே கேட்டு வாங்கலாம்.