மத்தியஸ்தம்: வாசகர் கேள்விகள்

இரண்டு நாள் வகுப்பு முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டேன். பெயர் அட்டையில் 'அங்கீகாரம் பெற்ற மத்தியஸ்தர்' என்று போடலாமா? – பிரிக்பீல்ட்ஸ்

போடாதீர்கள். உங்கள் பகுதியிலேயே ஒரு மாடி அலுவலகத்தில் அப்படியொரு சான்றிதழைப் பார்த்தேன். கண்ணாடிச் சட்டம், தங்க முத்திரை. கிட்டப் போய்ப் படித்தால் 'கலந்துகொண்டமைக்காக' என்று பொடி எழுத்து! வந்தார், தேநீர் குடித்தார், போனார். அந்தத் தாள் சொல்வது அவ்வளவுதான். மலேசியாவின் 2012ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவு பயிற்சி, கல்வி வழி வந்த தகுதி, தனியறிவு, அனுபவம் இவற்றில் ஒன்றைக் கேட்கிறது. 'அல்லது' ஒரு மத்தியஸ்த நிறுவனத்தின் நிபந்தனையை நிறைவேற்றினால் போதும் என்கிறது. அந்த 'அல்லது'வில்தான் வார இறுதி வகுப்புக்காரர்கள் கடை விரித்திருக்கிறார்கள். முறையான பயிற்சி ஏறக்குறைய 40 மணி நேரம். அதன் பிறகு, மாதிரி அமர்வில் உங்களை உட்காரவைத்து, இரு தரப்பும் கத்தும்போது என்ன செய்கிறீர்கள் என்று ஒருவர் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். வழக்கறிஞர் மன்றத்தின் மலேசிய அனைத்துலக மத்தியஸ்த மையமானாலும் வேறெந்த அமைப்பானாலும், அதன் மத்தியஸ்தர் பட்டியலில் பெயர் ஏறினால் அந்த அமைப்பின் பெயரோடு அட்டையில் போடுங்கள். வகுப்புக்குப் பணம் கட்டுமுன் 'இதை எந்தப் பட்டியல் ஏற்கும்?' என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

மத்தியஸ்தர் வழக்கறிஞராக இருந்தே ஆகவேண்டுமா? – பட்டர்வொர்த்

சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

கோயில் நிர்வாகத் தகராறு. வந்த மத்தியஸ்தர் எதிர்த்தரப்புத் தலைவரின் மைத்துனர் என்று பிறகுதான் தெரிந்தது. – ஆயர் ஈத்தாம்

பொறுப்பேற்குமுன்னே அவர் சொல்லியிருக்க வேண்டும். அதுவும் 7ஆம் பிரிவில்தான் இருக்கிறது. ஆட்சேபத்தை இன்றே தெரிவியுங்கள், எழுத்தில்.

மத்தியஸ்தர் எங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்துவிட்டார். மேல்முறையீடு உண்டா? – செந்தூல்

கேள்வியே தவறு. தீர்ப்பளிப்பவர் நடுவர், மத்தியஸ்தர் அளிப்பதில்லை. நீங்கள் கையெழுத்திட்டது சமரச ஒப்பந்தமாக இருந்தால் அது உங்களைக் கட்டுப்படுத்தும். கையெழுத்தே இடவில்லை என்றால் எதிர்த்து முறையிட எதுவும் இல்லை. இதில் எது என்று மூன்று பக்கக் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. உங்கள் மைத்துனரின் கார் நிறம் மட்டும் இருக்கிறது. நகலை அனுப்புங்கள்.

அமர்வில் நான் சொன்னதை எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் எடுத்துப் பேசலாமா? – ஜார்ஜ் டவுன்

பொதுவாகக் கூடாது, 15ஆம் பிரிவு அதை இரகசியமாக்குகிறது. இரு தரப்பின் சம்மதம், சட்டத்தின் கட்டாயம், சமரச ஒப்பந்தத்தை நிறைவேற்றும் தேவை ஆகியவை விலக்கு. ஆனால் வெளியே காப்பிக்கடையில் நீங்களே சொல்லிவிட்டால் நான் என்ன செய்வது?