வேருக்கு இடம் விடுங்கள்: சென்னை மரங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

வடகிழக்குப் பருவமழை நெருங்க நெருங்க மரங்களைப் பற்றிய கடிதங்கள் கூடிவிடும். பாதிப் பேர் மரத்தைக் காப்பாற்ற வழி கேட்கிறார்கள். மீதிப் பேர், மரம் வீட்டின் மேல் விழுந்துவிடுமோ என்று பயந்து எழுதுகிறார்கள். இரண்டு தரப்புக்கும் பதில் பெரும்பாலும் ஒரே இடத்தில், அதாவது தரைக்குக் கீழே இருக்கிறது.

கே: வீட்டு வாசலில் நாற்பது வயதைத் தாண்டிய தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது. மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டியபோது ஒரு பக்க வேரை வெட்டிவிட்டார்கள். மழைக்கு முன்னால் மரத்தையே எடுத்துவிட வேண்டும் என்கிறார் எதிர்வீட்டுக்காரர். என்ன செய்வது? (மேற்கு மாம்பலம் வாசகி)

ப: எதிர்வீட்டுக்காரரின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே நாளில் சாய்ந்தன. வேகமாக வளரும், பாரமான குடை விரிக்கும் தூங்குமூஞ்சியும் குல்மொஹரும் பெருங்கொன்றையும் அதில் நிறைய. வெளிநாட்டு மரம் என்பதால் விழுந்தது என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள். அது பாதி உண்மைதான். விழுந்து கிடந்த தெரு மரங்கள் பலவற்றில் ஒரு பக்கம் வேரே இல்லை. ஒன்று சிமென்ட் தடுத்திருந்தது, இல்லையென்றால் கேபிளுக்கோ குழாய்க்கோ வடிகாலுக்கோ யாரோ வெட்டியிருந்தார்கள். அப்படி நிற்கும் மரம் வேம்பாக இருந்தாலும் பெருங்காற்றில் சாயும்.

மரத்தின் வேர் ஆணிவேராக ஆழத்துக்கு இறங்கி நிற்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். வளர்ந்த மரத்தின் பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணிலேயே, இரண்டு மூன்று அடிக்குள், குடையின் விளிம்பையும் தாண்டிப் பக்கவாட்டில் ஓடுபவை. அதனால் மூன்றடிப் பள்ளம்கூட மரத்துக்குப் பெரிய காயம்.

முதலில் அளந்து பாருங்கள். நெஞ்சு உயரத்தில் அடிமரத்தின் குறுக்களவு எவ்வளவு? பள்ளம் அதைப்போல் ஐந்து மடங்கு தூரத்துக்கு அப்பால் போயிருந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். மூன்று மடங்குக்குள் போயிருந்தால், மரத்தைத் தாங்கும் தடித்த வேர்களே போயிருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் அடிமரத்தைச் சுற்றி வந்து பாருங்கள். வெட்டிய பக்கத்துக்கு எதிரே மண் புதிதாக வெடித்திருக்கிறதா? சாய்வு முன்பு இல்லாததா? வேரடியில் காளான் முளைக்கிறதா? உச்சிக் கிளைகள் காய்கின்றனவா? இவற்றில் ஒன்று இருந்தாலும் 1913 எண்ணில் மாநகராட்சிக்குப் புகார் சொல்லி, பூங்காத் துறை ஆட்களை வரவழைத்துக் காட்டுங்கள்.

எதுவும் இல்லையென்றால் மரத்தை எடுக்கத் தேவையில்லை. குடையின் பாரத்தைக் குறைத்தால் போதும். எல்லாப் பக்கமும் நுனிக் கிளைகளை அளவாகக் கழித்து, காற்று ஊடே போக வழி விட வேண்டும். வெட்டிய பக்கத்து மண்ணைச் சிமென்ட் போட்டு மூட விடாதீர்கள். புது வேர் அங்கேதான் வர வேண்டும், வருவதற்குச் சில வருஷம் பிடிக்கும். கோடையில் தண்ணீர் ஊற்றினால் சீக்கிரம் வரும்.

அடுத்த தெருவில் வடிகால் வேலை இன்னும் தொடங்கவில்லை என்றால், வேலைக்கு முன்பே உதவிப் பொறியாளரைப் பாருங்கள். மரம் இருக்கும் இடத்தில் மட்டும் இயந்திரத்தை நிறுத்திக் கையால் தோண்டச் சொல்லுங்கள், வடிகாலின் போக்கைக் கொஞ்சம் வளைக்கச் சொல்லுங்கள். வேரை வெட்டிய பிறகு கொடுக்கும் மனுவால் ஒரு பயனும் இல்லை.

கே: நடைபாதைக்குப் புதிதாகக் கல் பதித்தவர்கள் அடிமரம் வரைக்கும் சிமென்ட் பூசிவிட்டார்கள். உடைக்கலாமா? (அண்ணா நகர் வாசகர்)

ப: உடைக்கத்தான் வேண்டும். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை அகற்றச் சொல்லி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் ஆணையிட்டது. நாட்டின் மற்ற நகரங்களில் இதைக் கேட்பவர்களுக்கும் அதுவே பிடிமானம். புகார் மனுவில் அதைக் குறிப்பிடுங்கள்.

எப்படி உடைக்கிறார்கள் என்பதையும் பக்கத்தில் நின்று பாருங்கள். டிரில் இயந்திரம் வேண்டாம், உளியும் கடப்பாரையும் போதும். அடிமரத்தின் பட்டையில் அடி படக்கூடாது. உடைத்த இடத்தில் மண்ணைக் குவித்து மேடு கட்டாதீர்கள். அடிமரம் மண்ணுக்குள் புதைந்தால் பட்டை அழுகும். பழைய தரைமட்டத்துக்கே மண் இருக்கட்டும், அதன் மேல் காய்ந்த சருகை மூடாக்காகப் போடுங்கள். நடக்க இடம் போதவில்லை என்றால் துளையுள்ள இரும்புக் கிராதி வைக்கலாம். மரம் பருக்கப் பருக்க அதை அகலப்படுத்த முடிய வேண்டும். இல்லையென்றால் அந்தக் கிராதியே மரத்தின் கழுத்தை இறுக்கிவிடும்.

கே: கம்பியில் உரசுகிறது என்று ஒவ்வொரு வருஷமும் மரத்தை மொட்டையடிக்கிறார்கள். அதுதானே பாதுகாப்பு? (பெரம்பூர் வாசகர்)

ப: இல்லை. தலையை மொத்தமாக வெட்டினால் வெட்டிய இடத்தைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். பார்க்கச் செழிப்பாக இருக்கும். ஆனால் அந்தக் கிளைகள் பட்டையை ஒட்டி மேலோட்டமாக நிற்பவை. இரண்டு மூன்று வருஷத்தில் பருத்து, முதல் காற்றிலேயே பிய்த்துக்கொண்டு வரும். வெட்டுவாயில் அழுகல் இறங்கி அடிமரமும் பொந்தாகும்.

கம்பிக்குத் தடையான கிளையை மட்டும், அது தாய்க்கிளையோடு சேரும் இடத்தில் எடுக்க வேண்டும். முதலில் ஓரடி தள்ளிக் கீழிருந்து பாதி வெட்டு, பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழு வெட்டு, கடைசியில் மீந்த கட்டையை அடியில் இருக்கும் வீக்கத்தை விட்டுவிட்டு அறுப்பது. அந்த வீக்கம்தான் காயத்தை மூடும், அதை அறுத்துவிட்டால் மூடாது. தாரும் பெயின்ட்டும் பூச வேண்டாம். மின்கம்பிக்குப் பக்கத்தில் நீங்களாக அரிவாளோடு ஏறாதீர்கள். மின்சாரத்தை நிறுத்தி வெட்டுபவர்கள் வரும் நாளில் கீழே நின்று எந்தக் கிளை என்று காட்டுங்கள்.

கே: எங்கள் தெரு ஆலமரத்தின் விழுதுகளைத் தொங்கத் தொங்க வெட்டுகிறார்கள். மரத்துக்கு விழுது தேவையா? (மந்தைவெளி வாசகி)

ப: விழுது தேவை. அடையாறு பிரம்மஞான சபை வளாகத்து ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலில் விழுந்தது. மரம் இன்றும் இருப்பது விழுதுகளால். ஹௌரா தாவரவியல் பூங்காவின் பேர்பெற்ற ஆலமரத்துக்கும் அப்படியே. நோய் கண்ட அதன் தாய்மரத்தை 1925-ல் அகற்றினார்கள், விழுதுகளின் மேல் அது இன்னும் விரிந்துகொண்டே இருக்கிறது.

தெருவில் எல்லா விழுதையும் இறக்க முடியாது, சரி. போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாத நாலைந்தைத் தேர்ந்தெடுங்கள். பிளந்த மூங்கில் குழாயில் மண் நிரப்பி, அதற்குள் விழுதை இறக்கிக் கட்டுங்கள். தரையைத் தொட்டு வேர் பிடித்தால் தூணாகிவிடும். தொடும் இடத்தில் நடைபாதைக் கல்லைப் பெயர்த்து வைக்க மறக்காதீர்கள்.

கே: அடுக்குமாடி வாசலில் ஆறடி அகல இடம். நர்சரியில் கோனோகார்பஸ் சீக்கிரம் வளரும் என்கிறார்கள். வைக்கலாமா? (மேடவாக்கம் வாசகர்)

ப: வேண்டாம். மகரந்தத்தால் ஒவ்வாமை, குழாய்களுக்கும் வடிகாலுக்கும் வேர்த் தொல்லை என்று குஜராத் 2023-ல் அதைத் தடை செய்தது, பின்னர் தமிழ்நாடும் தடை செய்தது. அதோடு நம் ஊர்ப் பறவைக்கும் பூச்சிக்கும் அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

ஆறடிக்கு மந்தாரையோ சரக்கொன்றையோ பொருந்தும். பத்தடிக்கு மேல் இருந்தால் புங்கனும் பூவரசும் வைக்கலாம். மகிழம் மெதுவாக வளரும், ஆனால் நிழல் அடர்த்தி. எனக்கு மிகவும் பிடித்தது புன்னை. உப்புக்காற்றைத் தாங்கும், கிளை எளிதில் முறியாது. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் தலமரமே அதுதான். நர்சரியில் கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்க்காதீர்கள், பையின் அடியைப் பாருங்கள். வேர் சுருண்டு சுற்றிக்கொண்டிருந்தால் அது பத்து வருஷம் கழித்து விழப்போகும் மரம். வேறு கன்று கேளுங்கள்.

கே: எங்கள் குடியிருப்புச் சங்கம் மியாவாக்கி காடு போட ஆசைப்படுகிறது. நல்லதா? (கோட்டூர்புரம் வாசகர்)

ப: இடத்தைப் பொறுத்தது. ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி அந்தந்த இடத்துக் காட்டு மரங்களை, சதுர மீட்டருக்கு மூன்று நான்கு என்று நெருக்கி நடச் சொன்னார். குப்பை கொட்டிக் கெட்டுப்போன சிறு இடத்துக்கு இது நல்ல வழி. ஆனால் பிள்ளைகள் ஓடி விளையாடும் ஒரே திடலில் இதைப் போடாதீர்கள், உள்ளே நடக்கக்கூட முடியாது. ஏரிக்கரை, சதுப்பு நிலம், புல்வெளி ஆகியவற்றிலும் கூடாது. பள்ளிக்கரணை சதுப்பு மரம் இல்லாததால் வெறும் நிலம் ஆகிவிடாது. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்று 2022-ல் ராம்சார் தகுதி பெற்ற இடம் அது. அந்தத் திறந்த நீரும் கோரையும்தான் தென்சென்னையின் வெள்ளத்தைத் தாங்குகின்றன.

கே: ஒரு கட்டுமானத்துக்காக ஏழு மரங்களை வேறு இடத்தில் நடப்போவதாகவும், வெட்டுவதற்கு ஈடாகப் பத்து மடங்கு கன்று வைப்பதாகவும் சொல்கிறார்கள். நம்பலாமா? (கீழ்ப்பாக்கம் வாசகி)

ப: அரசமரமும் ஆலமரமும் இடம் மாற்றினால் பெரும்பாலும் பிழைக்கும். முதிர்ந்த மற்ற மரங்களுக்கு அந்த நம்பிக்கை குறைவு. சில மாதம் முன்பே சுற்றிலும் வேரைப் படிப்படியாக வெட்டி, புது வேர் விட்ட பிறகு மண்கட்டியோடு எடுத்தால் வாய்ப்பு உண்டு. ஒரே இரவில் கிரேன் வைத்துப் பிடுங்கி நடுவது இடமாற்றம் ஆகாது.

பத்துக் கன்று கணக்கைப் பொறுத்தவரை, எங்கே நடுகிறார்கள் என்று கேளுங்கள். கீழ்ப்பாக்கத்தில் போன நிழலுக்கு ஈடாக ஊருக்கு வெளியே நட்டால் உங்கள் தெருவுக்கு ஒன்றுமில்லை. மூன்று வருஷம் யார் தண்ணீர் விடுவார்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். பொது இடத்து மரம் என்றால் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். அனுமதி நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம்.

கே: எங்கள் பகுதியில் பூங்காவே இல்லை. புது இடம் எங்கிருந்து வரும்? (பெருங்குடி வாசகர்)

ப: இடம் பெரும்பாலும் ஏற்கெனவே வந்திருக்கும், பூட்டிக் கிடக்கும். பெரிய மனைகளில் கட்டும்போது, 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், சாலைக்குப் போனது நீங்கலாக 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) நிலம் என்பது இதுதான். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையுள்ள மனைகளுக்கு நிலத்துக்குப் பதில் பணம் கட்டவும் வழி உண்டு.

உங்கள் பக்கத்துப் பெரிய குடியிருப்புகளின் அனுமதி வரைபடத்தை சி.எம்.டி.ஏ.விடம் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) கேளுங்கள். அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், மாநகராட்சி பெயரில் தானப் பத்திரம் இருந்தால் அதில் தெரியும். சில இடங்களில் குடியிருப்பின் மதிலுக்குள்ளேயே அந்த நிலம் மாட்டிக்கொண்டிருக்கும், சில இடங்களில் கார் நிற்கும். ஆதாரத்தோடு வார்டு கவுன்சிலரிடமும் ஏரியா சபைக் கூட்டத்திலும் எழுத்து மூலமாக வையுங்கள். சாந்தோம் பக்கத்தில் குப்பையும் இடிபாடும் கொட்டிக் கிடந்த அடையாறு உப்பங்கழியில் 58 ஏக்கர் 2011-ல் தொல்காப்பியப் பூங்காவாக மாறியது. உங்களுக்கு அவ்வளவு வேண்டாம், அரை ஏக்கர் போதும். அதிலும் முக்கால் பங்கு மண்ணாக இருக்கும்படி வரைபடத்திலேயே கேட்டு வாங்குங்கள். டைல்ஸ் நடைபாதையும் செயற்கை நீரூற்றும் போட்ட பிறகு மரத்துக்கு இடம் மிஞ்சாது.

கே: மரத்தில் விளம்பரத் தகடு அடித்த ஆணிகளை நாங்களே பிடுங்கலாமா? (தாம்பரம் வாசகர்)

ப: தகட்டைக் கழற்றுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆணியைக் குறட்டால் நேராக இழுத்து எடுங்கள். பட்டை மூடிக்கொண்ட பழைய ஆணியைத் தோண்டாதீர்கள், அந்தக் காயம்தான் பெரிதாகும். ஓட்டையைச் சிமென்டால் அடைக்க வேண்டாம். கழற்றுவதற்கு முன் தகட்டில் இருக்கும் தொலைபேசி எண் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து மாநகராட்சிக்கு அனுப்பிவிடுங்கள்.